கவசம் களைந்த ஈசனும் மூன்று அம்மன்களும்: 2025ல் கிடைத்த தரிசனங்கள்

2025ஐத் திரும்பிப் பார்த்தால், சென்னைக்காரர்களுக்கு ஈசனும் அம்பாளும் பெருமாளும் போட்டி போட்டுக்கொண்டு அருளிய வருடம் என்றுதான் சொல்ல வேண்டும். ஜனவரி 10ல் ஒரு வைகுண்ட ஏகாதசி, டிசம்பர் 30ல் இன்னொன்று. ஒரே காலண்டரில் திருவல்லிக்கேணியில் பரமபத வாசல் இரண்டு தடவை திறந்தது. மயிலையில் அறுபத்துமூவர் வழக்கம்போல மாட வீதிகளை நிறைத்தார்கள். இவையெல்லாம் டிவியில் வந்தவை, எல்லோரும் பார்த்தவை. நினைத்து நினைத்து உருக வைப்பவை இந்தப் பக்கம் வடக்கே இருக்கின்றன: திருவொற்றியூரும் வடதிருமுல்லைவாயிலும்.

இந்த இரண்டு தலத்திலும் மூலவர் வருடம் முழுக்க மூடியே இருப்பார். ஒற்றியூர் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம். முல்லைவாயில் மாசிலாமணீஸ்வரருக்குச் சந்தனக்காப்பு. முதலாமவரைக் கார்த்திகைப் பௌர்ணமி தொடங்கி மூன்று நாளும், இரண்டாமவரைச் சித்திரைச் சதயத்தையொட்டியும் மட்டுமே மூடல் இல்லாமல் பார்க்க முடியும். வீட்டுப் பெரியவர்கள் "ஒரு தடவையாவது பார்த்துடணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்து, வருடா வருடம் தேதி தவறிப் போகிற தரிசனங்கள் இவை. ஒரே வருடத்தில் இரண்டும் அமைந்தால் அது நம் சாமர்த்தியம் இல்லை, அவன் அழைப்பு.

தேதி ஏன் தவறுகிறது? திருக்கார்த்திகை தீபம் கிருத்திகை நட்சத்திரத்தை வைத்து வருவது. கவசம் களைவது பௌர்ணமியை வைத்து. இரண்டும் ஒரே நாளில் விழாத வருடங்கள் உண்டு. 2025ல் தீபம் டிசம்பர் 3 புதன்கிழமை, பௌர்ணமி மறுநாள் வியாழன். தீபத்தன்று லீவு போட்டுவிட்டுப் போகிறவர்கள் கவசத்தோடுதான் சுவாமியைப் பார்த்துத் திரும்புவார்கள். முதல் நாள் கவசம் களைந்து, புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்தி, தீபாராதனை ஆன பிறகுதான் வரிசையை விடுவார்கள். அதற்குப் பெரும்பாலும் மாலையாகிவிடும் என்பதால் அன்று காலையிலிருந்தே போய் நிற்பது வீண். மூன்றாம் நாள் ராத்திரி "இனிமேல் அடுத்த வருஷம்தான்" என்ற பதற்றத்தில் ஊரே திரண்டுவிடும். வயதானவர்களை அழைத்துப் போவதென்றால் இரண்டாம் நாள் விடியற்காலைதான் சரி. அதுவும் நடை திறக்குமுன் வரிசையில் இருக்க வேண்டும்.

போவது இப்போது சுலபம். மெட்ரோ நீல வழித்தடத்தில் திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷனில் இறங்கினால் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். 2022ல் இந்த ஸ்டேஷன் திறப்பதற்கு முன், கார்த்திகை நாட்களில் அந்த ரோட்டில் ஆட்டோ கிடைப்பதே ஒரு வேண்டுதல். காரில் வர வேண்டாம். திருவிழா நாளில் வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தில் பாதி வரிசை நகர்ந்திருக்கும்.

இனி வயிற்றெரிச்சல். கோபுர வாசலுக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் மடக்கும். "சார், உள்ள ஆள் இருக்கு, நேரா கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள். காசை வாங்கிக்கொண்டு, கவுண்டரில் நாமே வாங்கக்கூடிய கட்டணச் சீட்டு வரிசையிலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள். அர்ச்சனைத் தட்டை வற்புறுத்தி கையில் திணிக்கும் கடைகளும் அப்படித்தான். அந்த மூன்று நாளும் நெரிசலில் தனி அர்ச்சனைக்கு நேரம் இருக்காது, தேங்காய் அப்படியே திரும்பி வரும். ஒரு கைப்பிடி வில்வம் போதும். கட்டணச் சீட்டு பற்றியும் ஒரு வார்த்தை: அது வரிசையைத்தான் குறைக்கும், சன்னதி முன் நிற்கும் நேரத்தைக் கூட்டாது. அங்கே எல்லோருக்கும் அதே சில விநாடிதான். "நகருங்க, நகருங்க" என்ற குரல் அம்பானி வந்தாலும் ஒன்றுதான்.

அந்தச் சில விநாடிக்குத்தான் இவ்வளவும். சன்னதியை நெருங்கும்போதே புனுகு வாசனை வந்துவிடும். உள்ளே பார்வை பழகச் சற்று நேரம் பிடிக்கும். வெளியே விளக்கு வெளிச்சத்தில் நின்று வந்த கண்ணுக்கு முதலில் தீபம் மட்டும்தான் தெரியும். குருக்கள் ஆரத்தியை மேலே தூக்கும்போதுதான் திருமேனி தெரியவரும். சீராகச் செதுக்கிய பாணம் இல்லை அது. புற்று. மேடும் பள்ளமுமாக, தைலத்தில் கறுத்து மினுமினுத்துக்கொண்டு, இன்னமும் மண்ணுக்குள்ளிருந்து எழுந்துகொண்டே இருப்பது மாதிரி நிற்கிறான் படம்பக்கநாதன். வாசுகியைத் தன்னுள் ஒடுக்கிக்கொண்டவன் என்பதால் அந்தப் பெயர். வருடமெல்லாம் கவசத்தில் பார்த்த கம்பீரம் ஒன்று. இந்த மண்மேனியின் எளிமை வேறு. பார்த்த மாத்திரத்தில் கண்ணில் நீர் தானாக வருகிறது. கேட்க நினைத்தது எதுவும் நினைவுக்கு வருவதில்லை. என்ன கேட்க, வந்து நிற்க வைத்ததே அவன்தானே!

இங்கே பலரும் செய்கிற தவறு, சுவாமியைக் கண்டதும் பழக்கத்தில் கண்ணை மூடிக் கும்பிடுவது. அதற்குள் வரிசை நகர்ந்துவிடும். இருக்கிற சில விநாடியும் இமைக்குள் போய்விடும். கைகூப்புங்கள், ஆனால் கண்ணைத் திறந்தே வையுங்கள். உச்சியிலிருந்து கீழாகப் பாருங்கள். மூடிக்கொண்டு பிரார்த்திக்க வெளிப் பிராகாரத்தில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது. கூடவே, வில்வத்தையும் தட்சிணையையும் முன்பே ஒரே கையில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சன்னதி முன் பையைத் துழாவுகிறவர்கள் சுவாமியைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்க்கிறார்கள்.

கண் என்றதும் சுந்தரர் நினைவு வராமல் இந்தக் கோயிலைச் சுற்ற முடியாது. சங்கிலி நாச்சியாரை மணப்பதற்காக, "உன்னைப் பிரியேன்" என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். சன்னதியில் சத்தியம் செய்தால் மீற முடியாதே என்று, அந்த நேரம் ஈசனை மகிழமரத்துக்குப் போகச் சொன்னவர் அவர். ஈசனோ சங்கிலியாரிடம், மகிழடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டான். தோழனிடமே இந்த விளையாட்டு! பிறகு திருவாரூர் நினைப்பு தாங்காமல் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. மாசிப் பெருவிழாவில் நடக்கும் மகிழடி சேவை இந்தச் சத்தியத்தைத்தான் கண்முன் நடத்திக் காட்டுகிறது. கார்த்திகை நெரிசலுக்குப் பயப்படுகிறவர்கள் மாசியில் வரலாம். கவசத்தோடு இருந்தாலும் அந்தக் கல்யாணக் கோலம் கண்ணுக்கு நிறைவு.

கண்ணிழந்த சுந்தரர் அடுத்துப் போய் நின்ற தலங்களில் ஒன்று வடதிருமுல்லைவாயில். அங்கே பாடிய பதிகத்திலும் ஒற்றியூரையும் சங்கிலியையும் சொல்லித்தான் முறையிடுகிறார். "படுதுயர் களையாய் பாசுபதா பரஞ்சுடரே" என்று பாட்டுக்குப் பாட்டு முடியும் பதிகம் அது. அதனால்தான் இந்த இரண்டு கோயிலையும் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. அம்பாள் பக்தர்களோ இவற்றோடு மீஞ்சூர் பக்கத்து மேலூரையும் சேர்த்து ஒரே நாளில் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேரும் நாளில் காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சியில் ஒற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் முல்லைவாயில் கொடியிடை அம்மன். இச்சா, ஞான, கிரியா சக்திகள். மூவரையும் வடித்தது ஒரே சிற்பி என்பது ஐதீகம். 2025ல் இந்தச் சேர்க்கை இரண்டு முறை வந்தது, இரண்டுமே பாதிப் பாதியாக. மார்ச் 14 வெள்ளியன்று பௌர்ணமி திதி மதியத்தோடு முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 8 வெள்ளியன்று பிற்பகலில்தான் தொடங்கியது. ஆனால் அந்த ஆகஸ்ட் 8 ஆடி நான்காம் வெள்ளி, வரலட்சுமி விரதமும் அன்றே. திதி காலையில் இல்லையே, மேலூர் கணக்கில் சேருமா என்று பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் உண்டு. தாய் கணக்குப் பார்க்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை இல்லாத பௌர்ணமியிலும் மூன்று கோயிலும் சுற்றலாம், கூட்டமும் கொஞ்சம் குறைவு.

இந்தச் சுற்றில் கெடுவது பெரும்பாலும் நேரம். மதிய நடை பொதுவாகப் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் சாத்திவிடுவார்கள். ஆகவே மேலூரில் எட்டரைக்குள் தரிசனம் முடிந்தால்தான் ஒற்றியூரில் நிதானமாக நிற்கலாம். ரயிலில் வந்தால் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயில், மீஞ்சூரில் இறங்கி ஆட்டோ. அதே பாதையில் திரும்பும்போது விம்கோ நகரில் இறங்கி மெட்ரோ பிடித்தால் தேரடி. ஒற்றியூரிலிருந்து முல்லைவாயிலுக்கு மறுபடி மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் வந்து, ஆவடி அல்லது திருவள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். சென்ட்ரல் வரை போய்த் திரும்பத் தேவையில்லை. இறங்குமிடம் திருமுல்லைவாயில் ஸ்டேஷன், அம்பத்தூர் தாண்டி. சீர்காழிப் பக்கம் இருக்கும் தென்திருமுல்லைவாயில் வேறு. மேப்பில் தேடும்போது கவனம்.

கார் வைத்திருப்பவர்கள் மணலி, மாதவரம் வழியாக வரலாம் என்று நினைப்பார்கள். கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் அம்பாள் பெயரை ஆயிரம் தடவை சொல்ல நேரம் கிடைக்கும், அவளைப் பார்க்க நேரம் இருக்காது. விரதம் இருக்கும் பெண்கள் மோரோ இளநீரோ கூட இல்லாமல் இந்த வெயிலில் சுற்றுவது வேண்டாம். மயங்கி விழுந்து பாதியில் திரும்பினால் வேண்டுதல் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். பூவை மூன்று கோயிலுக்கும் சேர்த்துக் காலையிலேயே வாங்காதீர்கள். மல்லிகை மாலைக்குள் வாடிப்போகும். அந்தந்தக் கோயில் வாசலில் இரண்டு முழம் வாங்கினால் போதும். எண்ணெய் பாட்டில் பைக்குள் கவிழ்ந்து புடவையெல்லாம் பாழாவதும் அடிக்கடி நடப்பது. சாத்தும் புடவையைத் தனிப் பையில் வையுங்கள்.

மாலையில் கொடியிடை நாயகியின் முன் போய் நிற்கும்போது கால் விண்ணென்று வலிக்கும். ஆனாலும் அந்தச் சன்னதியில் உட்கார்ந்துவிட்டால் எழ மனசு வராது. மூன்றாவது தாயையும் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதியா, காலையிலிருந்து அவள் கைபிடித்துக் கூட்டிவந்தாள் என்ற நன்றியா, தெரியவில்லை. தாயே, தாயே என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை.

அங்கேயே மாசிலாமணீஸ்வரர். தொண்டைமான் யானையின் காலில் சுற்றிய முல்லைக்கொடியை வாளால் வெட்ட, ரத்தம் பீறிட்டது. மண்ணுக்குள் இருந்த லிங்கத்தில் பட்ட வெட்டு அது. பதறிப்போன மன்னனுக்குப் போரில் துணையாக நந்தியை அனுப்பிவைத்தான் ஈசன். அதனால் இங்கே நந்தி சுவாமியைப் பார்க்காமல் கிழக்கே பார்த்துப் புறப்படும் கோலத்தில் இருக்கிறது. பகைவர்களான குறும்பர்களை வென்று மன்னன் கொண்டுவந்த வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டும் சன்னதி முன் நிற்கின்றன. அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள், எருக்கு அந்தப் பருமனில் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது. அந்த வெட்டுக்காயம் குளிரத்தான் வருடமெல்லாம் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தில் காப்பைக் களையும்போது மட்டுமே தழும்போடு அவனைக் காணலாம். சதயம் சில வருடம் இரண்டு நாளில் பரவி வரும். காப்புக் களையும் நேரத்தையும் மறுபடி சாத்தும் நேரத்தையும் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதுதான் பத்திரம். ஏப்ரல் வெயிலில் கல்தரை சுடும் என்பதால் காலை நேரமே நல்லது.

தன்னை வெட்டியவனுக்கே படைத்துணை அனுப்பிய தெய்வத்திடம் போய் நம் சில்லறைக் குறைகளைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லத்தான் சொல்கிறோம். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

சுந்தரர் வழியிலேயே தொடர விரும்புகிறவர்களுக்கு இன்னும் ஒரு தலம்: பூண்டியில் ஊன்றீஸ்வரர், பழைய திருவெண்பாக்கம். பார்வை கேட்டவருக்கு ஊன்றுகோல் கொடுத்த இடம். கோபத்தில் சுந்தரர் கோலை வீசியதில் நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள், ஒடிந்த கொம்போடுதான் இன்றும் இருக்கிறது. வழி காட்ட மின்னலாக வந்தவள் மின்னொளி அம்மை. பழைய கோயில் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக எடுக்கப்பட்டதால் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். திருவள்ளூர் வரை ரயில், அங்கிருந்து பஸ். கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கோயில்களில் விநாடிக் கணக்கில் பார்த்த தெய்வத்தை இங்கே சாதாரண நாளில் போனால் யாரும் நகரச் சொல்லாமல் வேண்டிய மட்டும் பார்க்கலாம்.