மணை செய்யப் பழகுகிறேன்: கோடை நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. தென்காசியில் பத்து மணிக்கு மேல் முற்றத்தில் நிற்க முடியாது. அதனால் தச்சு பழகும் நேரம் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை என்று வெயிலே முடிவு செய்துவிட்டது.

கற்றுத்தர ஒப்புக்கொண்டவர் பக்கத்துத் தெரு அண்ணாச்சி. தச்சுப் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். நான் புத்தக அலமாரி செய்யலாம் என்று நினைத்துப் போனேன். "மணை செய்யுங்க டீச்சர். எல்லா வேலையும் அதுல இருக்கு" என்றார். யோசித்தால் சரிதான். தரையில் போட்டு உட்காரும் ஒரு பலகை, அடியில் குறுக்கே இரண்டு கட்டை. அளக்க வேண்டும், அறுக்க வேண்டும், இழைக்க வேண்டும், உளியால் காடி என்னும் பள்ளம் எடுக்க வேண்டும், திருகாணி முடுக்க வேண்டும். கெட்டுப்போனாலும் நஷ்டம் ஒரு பலகைதான்.

அளவு: நீளம் 18 அங்குலம், அகலம் 10, கனம் 1. செய்தித்தாளில் முழு அளவுக்கே படம் போட்டேன். அண்ணாச்சி அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நோட்டில் ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். ஒரு பக்கம் வேலைகள் வரிசையாக. எதிரே, அந்த வேலையின்போது என் இடது கை எங்கே இருக்கும் என்று. பதில் எழுத முடியாத வேலையைத் தொடங்கக் கூடாதாம்.

எழுதிப் பார்த்தேன். 'அறுப்பது' என்ற வரிக்கே பதில் இல்லை. பலகையை இடது கையால் பிடித்துக்கொள்வேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மே 6

மரவாடி. பலா கேட்டேன். இந்தப் பக்கம் மணைக்குப் பலா பழைய வழக்கம்; வீணைக்கும் பலாதான். புதிதாக அறுத்தால் மஞ்சளாக இருக்கும், வருடங்கள் போகப் போகத் தேன் நிறத்துக்கு இருண்டுவிடும். தேக்கு விலை பழகும் வேலைக்கு ஒத்துவராது.

பலகை வாங்குவதில் அண்ணாச்சி பார்த்தது மூன்று. முதலில் முனையைத் திருப்பி வளையங்களைப் பார்த்தார். காயக்காய அந்த வளையங்கள் நிமிரப் பார்க்கும், அதனால் பட்டைப் பக்கம் குழிந்துகொள்ளும் என்றார். அப்புறம் கணு. கால்கட்டை வரும் இடத்தில் கணு இருக்கக் கூடாது. உளி அங்கே திசை மாறும். கடைசியாக ஈரம். பச்சை மரத்தைக் கையில் தூக்கினாலே கனத்தில் தெரிந்துவிடும். வெளிப்பக்க வெள்ளையை ஒதுக்கி, உள்மரமான வைரம் உள்ள துண்டாக வாங்கினோம். பழைய ஆணி எங்காவது புதைந்திருக்கிறதா என்று ஒரு காந்தத்தை மேலே ஓட்டியும் பார்த்தார். அது புதுப் பலகை. இருந்தாலும் ஓட்டினார்.

பழகுவதற்கென்று அதே மரத்தில் வேண்டாத துண்டுகள் ஒரு சாக்கு. விலை சும்மா போட்டுக் கொடுத்தார்கள்.

மே 9

கருவிகள்: ஒரு ரம்பம், இழைப்புளி, முக்கால் அங்குல உளி, கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியல், செங்கோணம் பார்க்கும் மூலமட்டம், பலகையை மேசையோடு இறுக்க இரண்டு சி கிளாம்ப். அண்ணன் மகன் தன் ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டித் தருவதாகச் சொன்னான். "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும் அத்தை." அந்த மெஷின் இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் ஆனது. பல் வைத்த பிளேடு மரத்தில் மாட்டிக்கொண்டால் மெஷின் மொத்தமும் உதறிக்கொண்டு ஆளைப் பார்த்துத் திரும்பும். பிளேடு பெரிது என்று மூடியையும் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் தினமும் பார்க்கலாம். வேண்டாம் என்றுவிட்டேன். அவனுக்கு வருத்தம்தான்.

மூலமட்டம் சரியா என்று சோதிக்கக் கற்றுக்கொண்டேன். பலகையின் நேரான ஓரத்தில் வைத்துக் கோடு போடு. மட்டத்தைப் புரட்டி அதே இடத்தில் இன்னொரு கோடு போடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் நல்லது. கத்திரிபோல விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் பிழை. கடையிலேயே இதைச் செய்து பார்த்து, முதலில் காட்டியதைத் திருப்பிக் கொடுத்தோம்.

உளி தீட்டுவதற்கு மட்டும் ஒரு காலைப்பொழுது போனது. புது உளி கூர் இல்லாமல்தான் வருகிறது. முதலில் தட்டையான முதுகைக் கல்லில் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். சரிவுப் பக்கம் அதற்கு அப்புறம். சரிவு 25 முதல் 30 பாகைக்குள். கோணமானி தேவையில்லை: சரிவின் நீளம் உளியின் கனத்தைப்போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 பாகை. தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டும். முனை முழுக்கத் தட்டினால் போதும், முதுகை ஒருமுறை தேய்த்து அதை எடுத்துவிடலாம்.

மழுங்கிய உளி பாதுகாப்பானது என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. மழுங்கல் என்றால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வழுக்கும்போது உடம்பு பாரம் முழுவதும் அதன் பின்னால் வரும். கூர் உளி இரண்டு விரல் தள்ளலுக்கே சீவுகிறது.

மே 11

இன்று மரத்தைத் தொடவில்லை. இடம் தயார் செய்தேன்.

திண்ணையில் ஒரு பழைய கனமான மேசை. நின்றபடி கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம் இழைக்க வசதி. இது கொஞ்சம் தாழ்வு, அடியில் செங்கல் வைத்து ஏற்றினேன், ஆடாமல் சுவரோடு அணைத்தேன். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து. தரையில் சீவல் சேராதபடி வாருகோல் கைக்கெட்டும் தூரத்தில். துப்பட்டா இல்லை, வளையல் இல்லை, தலைமுடி கொண்டை. கண்ணாடி போடுகிறவள்தான், ஆனாலும் பக்கவாட்டு மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அதற்கு மேல். செருப்புக்குப் பதில் பழைய ஷூ, ஏனென்றால் உளி மேசையிலிருந்து உருண்டால் முனை கீழாக விழலாம். விழுகிற உளியைப் பிடிக்கப் போகாதே என்பது அண்ணாச்சியின் கண்டிப்பு.

மருந்துப் பெட்டியும் வைத்தேன். வெட்டுக் காயத்துக்குக் காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் வைக்கிற ஊர் இது. அவை எதுவும் வேண்டாம். சுத்தத் துணியால் அழுத்தி, இடையில் எடுத்து எட்டிப் பார்க்காமல் பத்து நிமிடம் பிடிக்க வேண்டும், கையை உயர்த்தி வைக்க வேண்டும். நிற்கவில்லை என்றாலும், விரல் மரத்துப்போனாலும், மடக்க முடியாவிட்டாலும் உடனே மருத்துவமனை. ரணஜன்னி ஊசி பத்து வருடத்துக்கு ஒருமுறை. என் கடைசி ஊசி எப்போது என்று யாருக்கும் நினைவில்லாததால் நேற்றே போட்டுக்கொண்டேன்.

மே 14

அறுப்பு, துண்டுகளில் மட்டும்.

பென்சில் கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு. அதனால் கத்தி நுனியால் கோடு கீறச் சொன்னார். ரம்பம் கோட்டின் மேல் போகக் கூடாது. வேண்டாத பக்கம் கோட்டை ஒட்டிப் போக வேண்டும். ரம்பத்தின் தடிமனையும் மரத்திலிருந்து கழிக்க வேண்டும் என்பது தச்சரின் கணக்கு.

தொடக்கம்தான் ஆபத்தான இடம். பல் இன்னும் பள்ளம் பிடிக்காதபோது ரம்பம் துள்ளும். கட்டைவிரல் கணுவை ரம்பத்தின் தகட்டில், பல்லுக்கு மேலே அணைத்து, பின்பக்கமாக இரண்டு மூன்று மெல்லிய இழுப்பு. பள்ளம் விழுந்ததும் இடது கை அங்கிருந்து விலகிவிட வேண்டும். பலகையைப் பிடிப்பது கிளாம்பின் வேலை. மே 4 அன்று நோட்டில் காலியாக விட்ட வரிக்கு இதுதான் பதில்.

"உளியோ ரம்பமோ தானா வந்து கையை வெட்டாது டீச்சர். மரம் நகரும், அப்பத்தான் வெட்டும்" என்றார் அண்ணாச்சி. அதற்கப்புறம் எதைத் தொடங்கும்போதும் பலகையை ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறேன்.

மே 17

இழைப்பு. எனக்குப் பிடித்த வேலை இதுதான் என்று தெரிந்துவிட்டது, இனி மற்றவற்றில் நியாயமாக நடந்துகொள்ள முடியாது.

பலகையின் பக்கவாட்டில் ரேகை எந்தப் பக்கம் மேலேறுகிறது என்று பார்த்து, அந்தத் திசையில் தள்ள வேண்டும். எதிர்த்துத் தள்ளினால் பெயர்த்துக்கொண்டு வரும். பலாவில் ரேகை பாதியில் திரும்பும். அந்த இடத்தில் அலகு வெளியே நீட்டும் அளவைக் குறைத்து, பலகையைத் திருப்பிவைத்து இழைத்தேன். முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க நேரான இரண்டு குச்சிகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, குனிந்து கண்மட்டத்தில் நோக்கினால் போதும். முன் குச்சியும் பின் குச்சியும் இணையாகத் தெரிந்தால் பலகை சமம். இழைப்புளியைக் கீழே வைக்கும்போது பக்கவாட்டில் சாய்த்து வைக்கிறேன்.

மே 21

காடி. பலகையின் அடியில் குறுக்கே, கால்கட்டை உட்காரும் பள்ளம், ஆழம் 2 நூல். (எங்கள் பக்கத்துத் தச்சர்களுக்கு அங்குலத்துக்கு எட்டு நூல்.) இரண்டு ஓரங்களையும் ரம்பத்தால் ஆழம்வரை அறுத்து, இடையில் உள்ளதை உளியால் எடுக்க வேண்டும்.

நோட்டில் இந்த வரிக்கு எழுதியிருந்தது: 'இடது கை உளியின் தகட்டின் மேல், எப்போதும் முனைக்குப் பின்னால்.' மெல்லிய சீவலாக எடுக்கும்போது வலது கை தள்ளும், இடது கை தடுக்கும். இரண்டு கையும் உளியிலேயே இருப்பதால் முனைக்கு முன்னால் வெட்டுப்பட ஒன்றும் இல்லை. கொட்டாப்புளி அடிக்கும்போது மட்டும் இடது கை உளியின் பிடியைப் பற்றும். நேர் எதிரே நானும் நிற்கக் கூடாது, வேறு யாரும் நிற்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்க்க வந்தபோது உளியை வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே திசையில் போனால் கடைசி நார் பிய்த்துக்கொண்டு போகும். இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி எடுத்தேன்.

மே 26

கேரளாவில் பருவமழை 24ஆம் தேதியே இறங்கிவிட்டது. இங்கேயும் குற்றாலம் பக்கத்திலிருந்து ஈரக்காற்று. மரம் இதைக் கவனிக்கும்.

கால்கட்டையை எப்படிப் பொருத்துவது என்பதில் பாடமே இந்தக் காற்றுதான். மரம் ஈரம் குடித்தால் நார்க்குறுக்கே அகலும், நீளத்தில் அநேகமாக அசையாது. கால்கட்டையின் நார் பலகைக்குக் குறுக்கே ஓடுகிறது. இரண்டையும் பசை போட்டு இறுக்கிவிட்டால் பலகை அகல முயலும், கட்டை விடாது, என்றாவது ஒரு கோடையில் பலகை பிளக்கும். அதனால் பசை இல்லை. கட்டையில் நடுத் திருகாணிக்கு மட்டும் வட்டத் துளை. இரு பக்கத்தவற்றுக்குக் கட்டையின் நீளவாக்கில் நீண்ட துளை. பலகை மூச்சு விட்டால் ஆணியும் கூடவே நகரும்.

டிரில்லுக்குக் கையுறை கிடையாது, சுற்றும் முனை துணியை இழுத்துக்கொள்ளும். வீட்டு இணைப்பில் கசிவு மின்சாரத்தை 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறது, சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டே தொடங்கினேன். முனை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவது. பித்தளைத் திருகாணி வைரமரத்தில் தலை முறியும். முதலில் அதே அளவு இரும்பு ஆணியை முடுக்கி எடுத்து வழி செய்தேன், அப்புறம் பித்தளைக்குக் கொஞ்சம் சோப்பு தடவினேன்.

மே 30

உப்புத்தாள் போடுவதற்கு முன்பே மதிப்பீடு. தாள் போட்டபின் எல்லாம் அழகாகத் தெரியும், ஒன்றும் தெரியாது.

மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே அளவு. காடியின் ஆழம் ஒரு கோடியில் 2 நூல், மறுகோடியில் சற்றுக் குறைவு. கட்டை உட்காருகிறது, ஆனால் ஒரு தாள் நுழையும். சமதரையில் வைத்து நான்கு மூலையையும் அழுத்தினேன், ஆடவில்லை. ஏறி நின்றேன், சத்தம் இல்லை.

இது மணையின் கணக்கு. என் கணக்கு தனி: எங்கே அவசரம் வந்தது, எந்த வேலையில் தோள் வலித்தது, எப்போது கிளாம்பை மாற்றிப் போடச் சோம்பல் பட்டேன். மூன்றுக்கும் பதில் ஒரே நேரம், ஒன்பது மணிக்குமேல். இனி ஒன்பதோடு நிறுத்துவது.

ஜூன் 8, ஞாயிறு

2ஆம் தேதி பள்ளி திறந்தாயிற்று. இனி ஞாயிறு மட்டும். வார்தாவில் 1937இல் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தார். பத்தாம் வகுப்பில் அதை நான் சொல்லிக்கொடுப்பது கரும்பலகையில்!

உப்புத்தாள் போட்டேன், வாசலுக்கு வெளியே, என்95 முகமூடியுடன். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது; மூக்கைத்தான் முதலில் பிடிக்கிறது. வாழ்நாள் முழுக்கப் பட்டறைத் தூசியில் நின்றவர் அண்ணாச்சி. முகமூடி ஒன்றை அவரிடமும் நீட்டினேன். வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மேலே ஆளிவிதை எண்ணெய். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. இந்த எண்ணெய் காய்வது காற்றோடு சேர்ந்து, அப்போது சூடு வரும். சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானே தீப்பிடிக்கும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போட்டேன்.

ஜூன் 22

சாரல். மே மாதம் 10 அங்குலம் இருந்த பலகை இப்போது அரை நூல் கூட. நீண்ட துளையில் ஆணித் தலை சற்று நகர்ந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. பலகை குழியவில்லை.

அடுத்தது திருகாணியே இல்லாத மணை. வாய் குறுகி உள்ளே அகலும் காடியில் கால்கட்டையைப் பக்கவாட்டிலிருந்து செருகும் பழைய முறை. நோட்டில் வரிகள் எழுதிவிட்டேன். காடியின் சரிந்த சுவரை அறுக்கும்போது ரம்பத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், அதற்கு நேரே இடது கை பத்தி இன்னும் காலி. சரிவாகச் சீவிய ஒரு கட்டையை வழிகாட்டியாகக் கிளாம்பில் மாட்டினால் கை விலகிவிடும் என்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியிடம் கேட்க வேண்டும்.