நெவ்ஸ்கியின் வெயில் விழும் பக்கம்

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ள நெவ்ஸ்கி புராஸ்பெக்ட் என்னும் பெருஞ்சாலை, பொன்முலாம் பூசிய ஊசிக்கோபுரம் கொண்ட அட்மிரால்டி கட்டடத்தின் அருகே தொடங்கி, அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடாலயத்தின் வாசலில் முடிகிறது. இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர். வடபுறத்துக் கட்டடங்களுக்கு இரட்டைப்படை எண்களும் தென்புறத்துக் கட்டடங்களுக்கு ஒற்றைப்படை எண்களும் இடப்பட்டுள்ளன. வடபுறத்துக் கட்டடங்கள் தெற்கு பார்த்து நிற்பதால், வெயில் அந்தப் பக்கத்து நடைபாதையில்தான் விழுகிறது. டிசம்பரில் ஆறு மணி நேரம்கூடப் பகல் நீடிக்காத ஊரில் அது சிறிய விஷயமன்று. உலாவ வருகிறவர்கள் அந்தப் பக்கத்தையே நாடுவது இயல்பு. நான் சென்றது, இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்தே இருக்கும் ஜூன் மாதத்தில் என்றாலும், என் கால்களும் இரட்டைப்படைப் பக்கத்திலேயே நடந்தன.

14ஆம் எண் கட்டடம் ஒரு பள்ளிக்கூடம். அதன் சுவரில் நீல நிறப் பட்டையின் மீது வெள்ளை எழுத்துகளில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. குடிமக்களே, பீரங்கித் தாக்குதலின்போது சாலையின் இந்தப் பக்கமே மிகவும் ஆபத்தானது என்பது அதன் பொருள். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை 872 நாட்கள் ஜெர்மானியப் படைகள் இந்நகரை முற்றுகையிட்டிருந்தபோது, குண்டுகள் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வந்தன. ஆகவே தெற்கு பார்த்த சுவர்கள்தாம் அடிவாங்கின. சூரியனுக்கு முகம் கொடுத்த அதே பக்கம் பீரங்கிக்கும் முகம் கொடுத்தது. போர்க்காலத்தில் எழுதப்பட்ட அறிவிப்பு பின்னர் மறைந்துபோக, 1962இல் அதை மீண்டும் எழுதி, கீழே ஒரு பளிங்குப் பலகையும் பதித்தார்கள். நான் பார்த்த அன்று அதன் அடியில் செந்நிறக் கார்னேஷன் மலர்கள் சில கிடந்தன. காம்புகள் இன்னும் வாடவில்லை. அரண்மனைகளைப் பார்க்க நெவ்ஸ்கிக்கு வருகிறவர்களிடம், முதலில் இந்தச் சுவரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இந்தச் சாலையின் மற்ற கட்டடங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அது கற்றுத்தருகிறது.

சாலையின் பிறப்பு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் காலத்தில் நிகழ்ந்தது. 1704இல் தொடங்கிய அட்மிரால்டி கப்பல் கட்டும் தளத்தின் பக்கமிருந்து ஒரு பாதையும், மடாலயத்தின் பக்கமிருந்து மற்றொரு பாதையுமாகக் காட்டையும் சதுப்பு நிலத்தையும் வெட்டி வந்தார்கள். இரண்டும் நேர்கோட்டில் சந்திக்கவில்லை. இன்று மாஸ்கோ ரயில் நிலையம் நிற்கும் வஸ்தானியா சதுக்கத்தில் சாலை சற்றே வளைவதை எவரும் காணலாம். வேலையில் சுவீடன் நாட்டுப் போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள்.

இந்நகரைக் கட்டியவர்களிலும் இங்கே தொழில் நடத்தியவர்களிலும் வெளிநாட்டார் பலர் இருந்தார்கள். அவர்களுடைய வழிபாட்டிடங்கள் வெயில் விழும் பக்கத்தில் சிறு தூரத்துக்குள் வரிசையாக அமைந்தன. டச்சுக்காரர்களின் தேவாலயம், ஜெர்மானிய லூத்தரன்களின் தேவாலயம், கத்தோலிக்கர்களின் புனித கத்தரீனா ஆலயம், அதற்குச் சற்றுத் தள்ளி வெளிர்நீல வண்ணத்தில் ஆர்மேனியர்களின் ஆலயம். போலந்தின் கடைசி மன்னர் ஸ்தனிஸ்லாவ் பொனியாத்தோவ்ஸ்கி 1798இல் அடக்கம் செய்யப்பட்டது இந்தக் கத்தோலிக்க ஆலயத்தில்தான்; 1938இல் அவருடைய உடல் போலந்துக்கு அனுப்பப்பட்டது.

இவற்றில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது லூத்தரன் தேவாலயம். 1830களில் அலெக்சாந்தர் புரியுல்லோவ் கட்டிய இந்த ஆலயத்தைச் சோவியத் அரசு மூடி, 1962இல் நீச்சல் குளமாக மாற்றியது. தொழுகைக்கூடத்தின் தரையைத் தோண்டிக் குளம் அமைத்து, பக்கவாட்டில் பார்வையாளர்களுக்கான படிவரிசைகளையும் கட்டினார்கள். 1990களில் ஆலயம் சபையாரிடம் திரும்பியபோது குளத்தை இடித்து அகற்றுவது இயலாத காரியமாக இருந்ததால், அதன் மேலேயே புதிய தரையை அமைத்தார்கள். இன்று உள்ளே அமர்ந்தால், சிலுவைக்கு முன்னால் பலகை இருக்கைகளும், இரு புறமும் நீச்சல் போட்டி பார்க்கக் கட்டிய அந்தப் படிவரிசைகளும் சேர்ந்தே தெரிகின்றன. முப்பது ஆண்டுகள் தங்கள் ஆலயத்துக்கு நேர்ந்ததை மறைக்காமல், அதையும் ஆலயத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டு அங்கேயே பாடுகிற ஒரு சபையின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டாயிற்று.

எதிர்ப்புறத்தில், ஒற்றைப்படைப் பக்கத்தில், கஸான் பேராலயம் இருக்கிறது. 1801 முதல் 1811 வரை ஆந்திரேய் வரனீகின் கட்டியது. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவ மரபில் பலிபீடம் கிழக்கே அமைய வேண்டும். சாலையோ கிழக்கு மேற்காக ஓடுகிறது. எனவே சாலைக்கு ஆலயத்தின் பக்கவாட்டுச் சுவர் மட்டுமே வாய்க்கும். அந்த இக்கட்டைத் தீர்க்கவே, 96 தூண்கள் கொண்ட வளைவான மண்டபத்தைச் சாலையை நோக்கி விரித்தார் அவர். நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட தளபதி குத்தூஸவ் உள்ளே அடக்கமாகியிருக்கிறார். 1876 டிசம்பரில் மாணவர்களும் தொழிலாளர்களும் கூடி, பின்னாளில் மார்க்சியச் சிந்தனையாளராக அறியப்பட்ட இளைஞர் பிளெக்கானவ் உரையாற்றிய அரசியல் ஆர்ப்பாட்டம் நடந்தது இதே தூண்களின் முன்னால்தான். 1932இல் இங்கேயே மதங்களின் வரலாறு மற்றும் நாத்திகத்துக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இப்போது மீண்டும் வழிபாடு நடக்கிறது.

பேராலயத்துக்கு நேர் எதிரே, 28ஆம் எண்ணில், தையல் இயந்திர நிறுவனமான சிங்கர் 1904இல் கட்டி முடித்த மாளிகை. உயரமான கட்டடம் எழுப்பவே நிறுவனம் விரும்பியது. ஆனால் நகரின் குடியிருப்புக் கட்டடங்கள் குளிர்கால அரண்மனையின் விளிம்பைத் தாண்டக் கூடாது என்ற பழைய விதி குறுக்கே நின்றது. கட்டடக் கலைஞர் பாவெல் சியூஸர், கட்டடத்தை அளவோடு நிறுத்தி, அதன் மூலையில் ஒரு கோபுரத்தையும் உச்சியில் கண்ணாடி உருண்டையையும் வைத்தார். 1919 முதல் இங்கே இயங்குவது புத்தக மாளிகை. 1920களில் இதன் மேல்தளத்தில்தான் சாமுவேல் மர்ஷாக் குழந்தைகள் நூல்களைப் பதிப்பித்துவந்தார். சோவியத் பதிப்பகங்கள் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய ரஷ்யக் கதைகளின் வழியாக இந்நகரைச் சிறுவயதில் அறிந்தவன் என்பதால், அந்த அலமாரிகளுக்கிடையே நிற்பது எனக்கு வெறும் சுற்றுலாவாக இருக்கவில்லை. புஷ்கின், கோகோல், தஸ்தயேவ்ஸ்கி ஆகியோரின் பெயர்களை ரஷ்ய எழுத்துகளில் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன்.

இலக்கியத்துக்கும் இந்தச் சாலைக்கும் உள்ள உறவு மிக நெருக்கமானது. கோகோல் 1835இல் இதன் பெயரிலேயே ஒரு கதையை வெளியிட்டார். 18ஆம் எண்ணில் அந்நாளில் இருந்த வோல்ஃப், பெராஞ்சே என்பவர்களின் மிட்டாய்க் கடையில்தான், 1837இன் குளிர்காலத்தில் ஒரு மாலை, புஷ்கின் தம் நண்பர் தன்ஸாஸைச் சந்தித்தார். அங்கிருந்து இருவரும் பனிச்சறுக்கு வண்டியேறிக் கறுப்பு நதிக்கரைக்குச் சென்றார்கள்; அங்கே புஷ்கின் வேறொருவருடன் துப்பாக்கியேந்தி நேருக்கு நேர் மோதினார். குண்டடிபட்ட கவிஞர் இரண்டு நாட்களில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 37.

முற்றுகையின் தடங்கள் மேலும் கிழக்கே, அனிச்கவ் பாலத்தில் கிடைக்கின்றன. பாலத்தின் நான்கு மூலைகளிலும் பியோத்தர் க்ளோத் வார்த்த வெண்கலக் குதிரைகள், அவற்றை அடக்கும் இளைஞர்களோடு நிற்கின்றன. 1941இல் அவற்றைக் கழற்றிப் பக்கத்து அரண்மனைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 1945இல் மீண்டும் ஏற்றினார்கள். ஒரு பீடத்தின் கருங்கல்லில் குண்டுச் சில்லுகள் கொத்திய குழிகளைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நகரத்தின் மீது எதிரிகள் வீசிய 1,48,478 குண்டுகளுள் ஒன்றின் தடம் இது என்று அங்குள்ள சிறு பலகை சொல்கிறது. குழிக்குள் விரல் வைத்துப் பார்த்தேன். ஓரம் இன்னும் கூர்மையாகவே இருக்கிறது.

மாலயா சதோவயா தெருமுனையில், தலைக்கு மேலே ஒரு பழைய ஒலிபெருக்கி நினைவுச்சின்னமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. முற்றுகைக் காலத்தில் நிகழ்ச்சிகள் இல்லாத நேரங்களில் வானொலி, தாள அளவு காட்டும் கருவியான மெட்ரோனோமின் துடிப்பை ஒலிபரப்பியது. மெதுவாகத் துடித்தால் அபாயம் இல்லை. வேகமாகத் துடித்தால் ஒதுங்க வேண்டும். நெவ்ஸ்கியிலிருந்து திரும்பிச் சில நிமிடங்களில் அடையும் ஃபில்ஹார்மோனியா இசையரங்கில், 1942 ஆகஸ்ட் 9 அன்று, பட்டினியால் மெலிந்துபோயிருந்த கலைஞர்களை வைத்துக் கார்ல் எலியாஸ்பெர்க், இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை நடத்தினார். ஜெர்மானியப் பீரங்கிகள் குறுக்கிடாதபடி சோவியத் படை அவற்றின் மீது முன்கூட்டியே குண்டுமழை பொழிந்தது. இசை ஒலிபெருக்கிகளில் நகரெங்கும் கேட்டது.

சாலையின் பெயர் திரும்பி வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1918இல் புரட்சி நாளை நினைவுகூர்ந்து இதற்கு அக்டோபர் 25 சாலை என்று பெயரிட்டிருந்தார்கள். மக்கள் வாயில் அது நெவ்ஸ்கியாகவே இருந்தது. முற்றுகை முழுவதுமாக விலகுவதற்கு இரண்டு வாரம் முன்னதாக, 1944 ஜனவரி 13 அன்று, நகர நிர்வாகம் பழைய பெயரை மீட்டது. பீரங்கிகள் இன்னும் நகரைச் சூழ்ந்திருந்த நிலையில், தெருக்களின் பெயர்களைப் பற்றி முடிவெடுக்க ஒரு நிர்வாகத்துக்கு மனம் இருந்தது என்பதை நினைத்து நினைத்து வியந்தேன்.

விளாதிமீர்ஸ்கி சாலை சந்திக்கும் மூலையில் 1964இல் திறந்த ஒரு காப்பிக் கடையை இளைஞர்கள் சைகோன் என்று அழைத்தார்கள். அச்சேற வழியில்லாத கவிஞர்களும், பின்னாளில் ராக் இசைக்கலைஞர்களும் ஒரு சிறு கோப்பைக் காப்பியோடு மணிக்கணக்கில் அங்கே நின்று பேசினார்கள். கவிஞர் பிராட்ஸ்கியும் எழுத்தாளர் தவ்லாத்தவும் அங்கு வந்துபோனவர்கள். இப்போது அங்கே நட்சத்திர விடுதி இருக்கிறது.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் வஸ்தானியா சதுக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். வளைவுக்கு அப்பாலுள்ள பகுதியை உள்ளூர்வாசிகள் பழைய நெவ்ஸ்கி என்கிறார்கள். அங்கே அரண்மனைகள் இல்லை. மருந்துக் கடைகளும் ரொட்டிக் கடைகளும், மேல்மாடிகளில் குடியிருப்புகளுமாக ஒரு சாதாரண நகரத் தெரு. அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். முடிவில் மடாலயம், அதன் வாசலை ஒட்டிய தீக்வின் கல்லறைத் தோட்டத்தில் தஸ்தயேவ்ஸ்கியும், இசையமைப்பாளர்கள் சாய்கோவ்ஸ்கியும் முஸோர்க்ஸ்கியும் ரீம்ஸ்கி-கோர்ஸகவும் அடக்கமாகியிருக்கிறார்கள். உள்ளே செல்ல நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மாலையில் மூடிவிடுவார்கள் என்பதால் அட்மிரால்டியிலிருந்து காலையிலேயே கிளம்புவது நல்லது.