ஆறு வாரம் பிடுங்கக் கூடாது

தாடையில் முடி முளைக்கத் தொடங்கியபோது எனக்கு 24 வயது. சினைப்பை நீர்க்கட்டியால் வந்தது. அம்மா குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டார். பிறகு பத்து ஆண்டுகள் த்ரெட்டிங்கும் ப்ளக்கரும்தான். கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறும் முன் ப்ளக்கர் இருக்கிறதா என்று கைப்பையைத் தடவிப் பார்ப்பேன்.

கடைசியில் லேசரால் முடியை நீக்கப் போனேன். பாலக்காட்டுத் தோல் மருத்துவர் முதல் நாள் லேசரைத் தொடவே இல்லை. தைராய்டு, ஹார்மோன் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "ஆறு வாரம் பிடுங்கக் கூடாது, ஷேவ் செய்யலாம்" என்றார். மலையாளத்தில்தான் விளக்கினார், 'வேர்' நம் இரு மொழிக்கும் ஒன்றுதானே. முடியின் கறுப்பு நிறமிதான் லேசர் ஒளியை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூடு வேரைச் சுட வேண்டும். பிடுங்கிவிட்டால் சூட்டைக் கொண்டுபோக உள்ளே எதுவும் இல்லை.

பெண் முகத்தில் ரேஸர் பட்டால் முடி தடித்து வளரும் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அது உண்மையில்லை. நுனி மழுங்குவதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆறு வாரமும் வகுப்பில் பிள்ளைகள் அருகில் வந்தால் முந்தானையால் தாடையை மறைத்துக்கொண்டேன்.

நம் தோலிலும் அதே நிறமி இருக்கிறது. முன்பு ஒரு அழகு நிலையத்தில் எந்த லேசர் என்று கேட்காமல் உட்கார்ந்து, தாடையில் சுட்ட தழும்போடு எட்டு மாதம் நடந்தேன். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரை மேல்தோல் நிறமி குறைவாகவே வாங்கும். கறுத்த தோலுக்கு அதுதான் பாதுகாப்பு. பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

ஆறு வாரம் கழித்து மருத்துவரிடம் முதல் லேசர்: கண்ணுக்குக் கண்ணாடி, முகத்தில் குளிர்ந்த ஜெல். ஒவ்வொரு அடியும் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல் இருந்தது. முடி பொசுங்கும் வாடை வந்தது. மேலுதட்டில் வைத்தபோது கண்ணீர் வழிந்தது. சிவப்பு மாலைக்குள் அடங்கிவிட்டது. 12ஆம் நாள் முகம் துடைத்த துண்டில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டியிருந்தன. வளர்கிறது என்று பயந்திருந்தேன், உதிர்ந்துகொண்டிருந்தது.

வளரும் பருவத்தில் இருக்கும் முடி மட்டுமே சிக்கும் என்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை போக வேண்டும். ஏழு முறை போய்விட்டேன். நரைமுடிக்குப் பயனில்லை. "குறையும், ஒழியாது" என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது மூன்று நான்கு முடிதான் தென்படுகிறது.

கொங்கன்படைத் திருவிழாவுக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் வெயிலில் நின்றால் தோல் கறுக்கும், வெயிலில் புதிதாகக் கறுத்த தோலில் மருத்துவர் லேசர் வைக்க மாட்டார். அதனால் எட்டாவது முறையை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறேன்.