கோடை மாதச் சம்பளம்: எந்த நாளுக்கான பணம், எந்த மாதத்தில்

ஆசிரியரின் பணி ஆணையில் ‘ஆண்டுச் சம்பளம்’ என்று ஒரு தொகை இருக்கும். எத்தனை நாள் வேலைக்கு அந்தத் தொகை என்று சொல்லும் வரி அதன் கீழே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கோடையில் கையில் பணம் இருக்குமா, பாதியில் வேலையை விட்டால் யார் யாருக்குப் பாக்கி என்பதெல்லாம் அந்த வரியைப் பொறுத்தவை. சம்பளப் பட்டியல் போடும் மேசையின் இரு பக்கமும் இருந்து பார்த்ததில், விடுமுறைச் சம்பளத் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த வரியைக் கையெழுத்துக்கு முன்பு யாரும் கேட்காததால் வந்தவைதான்.

ஆசிரியர் சம்பளம் மூன்று வகையாக ஓடுகிறது. முதல் வகையில் பணி ஆண்டு முழுக்கத் தொடர்கிறது. பள்ளி மூடியிருந்தாலும் ஆசிரியர் பணியில் இருப்பவராகவே கணக்கு. இரண்டாவதில், குறிப்பிட்ட வேலை நாள்களுக்கான கூலியைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். மூன்றாவதில் வகுப்பெடுத்த நாளுக்கு, அல்லது மணிக்கு, மட்டுமே பணம். கோடை மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் முதல் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சம்பளமில்லா விடுப்பு எடுக்கும்போதோ வேலையை விடும்போதோதான் தெரியும்.

இரண்டாம் வகையை எண்ணோடு பார்த்தால் விளங்கும். எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றே. ஆண்டுச் சம்பளம் 2,28,000. வேலை நாள் 190. அப்படியானால் ஒரு நாள் கூலி 1,200. பத்து மாதத்தில் வாங்கினால் மாதம் 22,800. பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பினால் மாதம் 19,000. மாதம் 3,800 வீதம் பத்து மாதம் பிடித்து வைத்தால் 38,000; அதுதான் கோடையில் இரண்டு 19,000 ஆகத் திரும்பி வருகிறது. ஆக, ‘லீவுல உட்கார்ந்து சம்பளம் வாங்குறீங்க’ என்று கேலி செய்பவர்களுக்கு இந்த வகை ஆசிரியர் தாராளமாகப் பதில் சொல்லலாம்: அது ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த பணம். வட்டி இல்லாமல் வருகிறது என்பது மட்டும்தான் குறை.

பத்தா, பன்னிரண்டா என்று தேர்வு செய்யும் உரிமை அமெரிக்காவின் பல பள்ளி மாவட்டங்களில் (அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளில்) உண்டு. ஆனால் அந்த ஆண்டின் முதல் வேலை நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; இடையில் மாற்ற முடியாது. டிசம்பரில் மனம் மாறிப் போய் நின்றால் அலுவலர் கையை விரிப்பார். இது அவர் பிடிவாதம் அல்ல, சம்பாதித்த பணத்தைத் தள்ளி வாங்குவது பற்றிய வரிச் சட்டம் அப்படி. வீட்டு வாடகை, கடன் தவணை என்று மாதாமாதம் கட்ட வேண்டியது உள்ளவர்கள் பன்னிரண்டையே எடுப்பது நல்லது. பத்து மாத முறையை எடுத்து, 3,800ஐத் தனிக் கணக்கில் போட்டு வைத்தால் வட்டி நமக்கே என்பது உண்மைதான். அந்தக் கணக்கைப் பிப்ரவரி வரை தொடாமல் வைத்திருப்பவர்கள் குறைவு.

பத்து மாத முறையில் இன்னொரு பொறி இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டுத் தவணை பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. சம்பளமோ பத்து மாதம்தான். எனவே கோடைக்கான தவணையைக் கடைசி ஓரிரு சம்பளத்திலேயே சேர்த்துப் பிடிப்பார்கள். ஆண்டின் கடைசிச் சம்பளம் திடீரென்று இளைத்து வருவதற்கு இதுதான் காரணம். மொத்தப் பிடித்தத்தையும் பத்தாக வகுத்து முதல் மாதத்திலிருந்தே பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் செய்து கொடுப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடும் இடங்களில் ஆண்டுக்கு 26 சம்பள நாள். 26ஐ 14ஆல் பெருக்கினால் 364 நாள்தான் வருகிறது. மிச்சப்படும் ஒரு நாளும் லீப் ஆண்டு நாளும் சேர்ந்து சேர்ந்து, ஏறக்குறைய பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை 27 சம்பள நாள் விழும். அந்த ஆண்டில் ஒவ்வொரு சம்பளமும் சற்றுக் குறையும், அல்லது எங்காவது இரண்டு வாரத்துக்குப் பதில் மூன்று வாரம் காத்திருக்க வேண்டி வரும். சம்பளம் குறைக்கப்பட்டுவிட்டதாக நினைத்துக் கடிதம் எழுதும் முன் நாள்காட்டியில் சம்பளத் தேதிகளை எண்ணிப் பாருங்கள்.

ஒரு நாள் சம்பளத்தை எதனால் வகுக்கிறார்கள் என்பதுதான் அதிகம் பேர் அடிபடும் இடம். அதே 2,28,000ஐ 190ஆல் வகுத்தால் நாளுக்கு 1,200. வார நாள்களை மட்டும் எண்ணி 260ஆல் வகுத்தால் சுமார் 877. நாள்காட்டியின் 365ஆல் வகுத்தால் சுமார் 625. மூன்றும் புழக்கத்தில் உள்ளவை. சம்பளமில்லா விடுப்பு ஒரு நாள் எடுத்தவருக்கு 625 போகுமா, 1,200 போகுமா என்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். நிர்வாகம் பிடிக்கும்போது ஒரு வகுஎண்ணையும் கொடுக்கும்போது இன்னொன்றையும் பயன்படுத்துகிறதா என்று கவனியுங்கள். கூடுதல் நாளுக்கு 365ஆல் வகுத்துக் கொடுத்துவிட்டு, விடுப்புக்கு 190ஆல் வகுத்துப் பிடித்தால், உடனே எழுத்தில் கேட்க வேண்டிய விஷயம் அது.

இந்த வகுஎண்ணுக்காக இங்கிலாந்தில் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 நவம்பர் 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஒரு கல்லூரி ஆசிரியர்களிடம் நிர்வாகம் 260இல் ஒரு பங்கைப் பிடித்தது. மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறையிலும் அவர்கள் வேலை செய்கிறார்கள், ஆண்டுச் சம்பளம் நாளுக்கு நாள் சமமாகச் சேர்கிறது, எனவே 365இல் ஒரு பங்கைத்தான் பிடிக்கலாம் என்று 2017 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் கணக்கும் மாறும். அதனால்தான் அந்த வரியைத் தேடச் சொல்கிறோம்.

இரண்டாம் வகையில், பாதியில் விலகுபவர்களுக்கான கணக்கைப் போடுவது எளிது, ஆனால் யாரும் போடுவதில்லை. வேலை செய்த நாள் பெருக்கல் 1,200. அதிலிருந்து இதுவரை வாங்கியதைக் கழியுங்கள். ஆகஸ்டில் வேலையும் சம்பளமும் தொடங்கி, ஜனவரி முடிவில் 98 நாள் வேலை செய்து விலகினால் சம்பாதித்தது 1,17,600. ஆறு மாதம் 19,000 வீதம் வாங்கியது 1,14,000. வர வேண்டிய பாக்கி 3,600. மே முடிவில் விலகினால் முழு 38,000 வர வேண்டும். ‘வேலையை விட்டுவிட்டீர்கள், இனி கோடைச் சம்பளம் கிடையாது’ என்று சொன்னால் இந்த வகையில் அது தவறு. மறுபக்கமும் உண்டு. சில இடங்களில் வேலை தொடங்கும் முன்பே, ஜூலையிலிருந்தே, சம்பளம் வரத் தொடங்கும். செப்டம்பர் முடிவில் மூன்று சம்பளம், அதாவது 57,000 வாங்கியிருப்பார். வேலை செய்தது 32 நாள், 38,400 தான். விலகினால் 18,600 திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். அந்தப் பணம் இந்நேரம் செலவாகியிருக்கும்.

முதல் வகையில் விலகும் தேதியே எல்லாம். இங்கிலாந்தின் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் ஆண்டில் மூன்று தேதிகளில்தான் விலகலாம்: டிசம்பர் 31, ஏப்ரல் 30, ஆகஸ்ட் 31. இதற்கான கடிதம் முறையே அக்டோபர் 31, பிப்ரவரி கடைசி நாள், மே 31க்குள் போய்ச் சேர வேண்டும். மே 31க்குள் கொடுத்தால், ஜூலையில் பள்ளி மூடினாலும் ஆகஸ்ட் 31 வரை சம்பளம் உண்டு. கடிதத்தில் ‘பள்ளி கடைசி நாள் வரை’ என்று பணிவாக எழுதிவிட்டு ஒரு மாதச் சம்பளத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். தேதியை எண்ணில் எழுதுங்கள்.

இந்தியாவில் மத்திய அரசுப் பணியில் ஆசிரியர்கள் ‘விடுமுறைத் துறை’ ஊழியர்கள், அதாவது ஆண்டுதோறும் நீண்ட விடுமுறை விடும் துறையில் இருப்பவர்கள். கோடையிலும் மாதச் சம்பளம் வழக்கம்போல வரும். அதற்கு விலையாக ஈட்டிய விடுப்பு (பணிக்காலத்துக்கு ஏற்பச் சேரும், சம்பளத்தோடு கூடிய விடுப்பு) குறைவு. மற்ற ஊழியர்களுக்கு ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் 15 நாள் வீதம் சேர்கிறது, இவர்களுக்கு 5 நாள் வீதம். கோடையில் தேர்தல் பணி, பயிற்சி என்று அழைத்தால், இழந்த விடுமுறைக்கு விகிதப்படி விடுப்பு கணக்கில் ஏற வாய்ப்புண்டு. வாய்வழி உத்தரவை நம்பிப் போனால் ஏறாது. தேதிகளோடு உத்தரவும், வருகைச் சான்றும் வாங்கி, அதே மாதம் பணிப்பதிவேட்டில் பதியச் செய்ய வேண்டும். மூன்று ஆண்டு கழித்துக் கேட்டால் உத்தரவு போட்டவரே மாறுதலில் போயிருப்பார்.

மூன்றாம் வகைக்காரர்களுக்குத்தான் கோடை உண்மையில் வறண்ட காலம். மாற்று ஆசிரியர்களுக்கு நாள் கூலியில் விடுமுறை ஊதியம் ஏற்கெனவே கலந்திருக்கிறதா, தனியாகவா என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தில் அரசுப் பள்ளியே நேரடியாக அமர்த்தும் மாற்று ஆசிரியருக்கு ஆண்டுச் சம்பளத்தை 195ஆல் வகுத்துத் தருவது நடைமுறை. கோடைப் பங்கும் அந்த நாள் கூலிக்குள்ளேயே அடக்கம். முகவாண்மை (ஏஜென்சி) வழியாகப் போனால் சீட்டில் 12.07 சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். ஆண்டின் 52 வாரத்தில் 5.6 வார விடுப்பை மிச்சமுள்ள 46.4 வாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. சொன்ன நாள் கூலிக்கு மேலே அந்த வரி வருகிறதா, கூலியையே இரண்டாக உடைத்துக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் விளம்பரத்தில் பார்த்த கூலி அடிப்படைக் கூலி அல்ல.

கோடையில் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் அடுத்த ஆண்டும் வேலை உண்டு என்ற நியாயமான உறுதி இருந்தால் அந்த இடைவெளிக்கு உதவித்தொகை மறுக்கப்படும். அந்த உறுதி பெரும்பாலும் ஆண்டு முடிவில் கையெழுத்து வாங்கும் ஒரு பக்கக் கடிதம். அதைக் கொடுக்கவே இல்லை என்றால், அல்லது கொடுத்துவிட்டுப் பின்பு வேலை இல்லை என்றால், விண்ணப்பிக்க இடமிருக்கிறது. கடிதத்தின் நகலையும், ரத்து செய்த மின்னஞ்சலையும் கூடவே இணைக்க வேண்டும்.