காசு இல்லாமல் ஒரு ஒலி நாடகம்: ஆள் சேர்த்த அனுபவம்

கையில் ஒரு ஒலி நாடகத்தின் ஸ்கிரிப்ட் இருக்கிறது, செலவழிக்கக் காசு இல்லை, பேசி நடிக்கவும் எடிட் செய்யவும் ஆள் வேண்டும். இந்த நிலைமையைத் தாண்டி வந்தவன் என்பதால் "ஆள் எங்கே கிடைப்பாங்க?" என்று அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். ஆள் கிடைப்பது பிரச்சினையே இல்லை. "நானும் வர்றேன்" என்று சொல்கிறவர்களுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. சொன்னவர் தன் வேலையை முடித்து ஃபைலை அனுப்ப வேண்டுமே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. அதற்கு, வேலையை முடிக்கக்கூடிய அளவில் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

நான் பார்த்துக் கற்றுக்கொண்டது லிப்ரிவாக்ஸ். ஹியூ மெக்குவையர் 2005இல் தொடங்கியது; பதிப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசித்து ஒலிநூலாக்குகிறார்கள். முழுப் புத்தகத்தையும் ஒருவரே வாசிக்க வேண்டியதில்லை, ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நாடகம் என்றால் ஆளுக்கொரு பாத்திரம், இன்னொருவர் அவற்றைச் சேர்ப்பார். பேசவே விருப்பமில்லாதவர்கள் வந்த பதிவுகளைக் கேட்டுத் தப்பு பிடித்துக் கொடுக்கலாம். ஒருவர் எடுத்துக்கொண்ட துண்டுக்கு ஆரம்பமும் முடிவும் தெளிவாக இருக்கின்றன, முடித்ததும் அவர் கடமை தீர்ந்தது. காசு வாங்காமல் வருகிறவருக்கு நாம் முதலில் தரவேண்டியது இந்த நிம்மதியைத்தான்.

அறிவிப்பு எழுதுவதற்கு முன்பே நண்பர்கள் குரலில் ஒரே ஒரு காட்சியை முழுதாக முடித்து வைத்தேன். சுமாராகத்தான் இருந்தது, ஆனால் கேட்க முடிந்தது. வெறும் யோசனையை நம்பி வருகிறவர்கள் குறைவு, கேட்டுப் பார்க்க ஏதோ ஒன்று இருந்தால் நிலைமையே வேறு. அறிவிப்பில் முதல் வரியிலேயே சம்பளம் இல்லை என்று போட்டேன். "அரிய வாய்ப்பு", "உங்கள் திறமைக்கு மேடை" வகையறாக்களைத் தொடவேயில்லை. இந்தத் துறையில் ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அதைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள், ஓடுவதும் நியாயம்தான். பாத்திரத்துக்கு எத்தனை வரி வசனம், பேச எவ்வளவு நேரம் பிடிக்கும், கடைசித் தேதி என்ன, பதிலுக்கு என்ன கிடைக்கும் (பெயர் வரும், தன் பதிவைத் தன் மாதிரிகளில் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்) என்று எழுதினேன். பொதுவாக "எல்லோரும் வாங்க" என்று போட்டதற்கு இதயங்கள் குவிந்தன, ஆள் வரவில்லை. மேடை நாடகம் போடுகிறவர்கள், டப்பிங் பழகுகிறவர்கள், கதை வாசித்துப் பதிவிடுகிறவர்கள் என்று தேடி, "உங்கள் குரல் இந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும், காரணம் இது" என்று தனித்தனியாக எழுதியதற்குத்தான் பதில் வந்தது.

ஆடிஷனுக்கு எல்லோருக்கும் ஒரே அரைப் பக்க வசனம். போனில் பேசி அனுப்பினால் போதும், ஃபைலின் பெயரில் மட்டும் பாத்திரத்தின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். அற்ப விஷயம்தான், ஆனால் அறிவிப்பை முழுதாகப் படித்தது யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். பிடித்திருந்தவர்களிடம் "இதையே கோபம் இல்லாமல், களைத்துப்போன ஆள் மாதிரி இன்னொரு தடவை" என்று கேட்டேன். அசத்தலான குரல் உள்ளவர் முதல் தடவை பேசியதையே திருப்பி அனுப்புவார், சாதாரணக் குரல்காரர் இரண்டாவது தடவை வேறு மனிதராகப் பேசுவார். எனக்கு இரண்டாமவர்தான் வேண்டும். தேர்வாகாதவர்களுக்கும் இரண்டு வரியாவது எழுதிவிடுங்கள், பிரதி திருத்தவும் முன்கூட்டிக் கேட்டுச் சொல்லவும் பிறகு கைகொடுத்தது அவர்களில் சிலர்தான்.

அப்புறம் பதிவு. ஆளாளுக்கு ஒரு வீடு, ஒரு போன், ஒரு இரைச்சல். அதனால் ஒரே பக்கத்தில் குறிப்பு எழுதி அனுப்பினேன்: மின்விசிறியை நிறுத்துங்கள், துணி தொங்கும் அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பேசுங்கள் (சிரித்தார்கள், ஆனால் எதிரொலி போய்விட்டது), ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை பேசுங்கள், ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக்கூடாது (குரல் உடையாமலிருக்க), 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல் (ஒலியைச் சுருக்காமல் வைத்திருக்கும் வகை). பேசி முடித்ததும் 10 வினாடி சும்மா இருந்து அறையின் சத்தத்தையும் பதிவு செய்யச் சொன்னேன். பலருக்கு இது ஏன் என்று புரியவில்லை. வசனத்துக்கு நடுவே முழு மௌனத்தைப் போட்டால் குரல் ஒவ்வொரு முறையும் திடுக்கென்று முளைத்து மறைகிற மாதிரி இருக்கும், அந்த இடைவெளியை அதே அறையின் சத்தத்தால்தான் நிரப்ப வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சலைக் குறைப்பதற்கும் அந்த 10 வினாடிதான் மாதிரி. வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் சுருங்கிப்போகும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்று எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை.

கிடைக்கவே கிடைக்காத ஆள் எடிட்டர். நடிக்க வந்தவர்களில் இருந்து தேர்ந்தெடுக்க முடிந்தது, எடிட்டருக்கோ நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. இதில் ஆச்சரியம் இல்லை. நடிப்பவருக்கு ஒரு மாலைப்பொழுது போதும், அதே காட்சியில் எடிட்டர் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், கேட்பவர்களோ நடித்தவரைத்தான் பாராட்டுவார்கள். கடைசியில் முழு நாடகத்தையும் ஒருவர் தலையில் கட்டாமல் காட்சிவாரியாகப் பிரித்தேன். மூன்று டேக்கில் எது வேண்டும் என்பதை நானே கேட்டுக் குறித்துக் கொடுத்தேன். அந்தச் சலிப்பான வேலை போனதும் "சரி, ஒரு காட்சி மட்டும் பார்க்கிறேன்" என்று வந்தவர்கள் இன்னொன்றும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

காணாமல் போகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். பரீட்சை வரும், வேலை மாறும், ஆர்வமும் வற்றும். அதற்குச் சண்டை போட முடியாது, நாம் என்ன சம்பளமா தருகிறோம்? இரண்டு முறை நினைவூட்டுவேன், பதில் இல்லையென்றால் பாத்திரம் வேறொருவருக்குப் போகும் என்பதைச் சேரும்போதே சொல்லியிருந்தேன். முக்கியப் பாத்திரங்களுக்கு மாற்று ஆளின் பெயரும் கையில் இருந்தது. விலக நினைப்பவர் சங்கடப்படாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வழி இருந்தாலே போதும், மாதக்கணக்கில் காத்திருக்கும் கொடுமை மிச்சம்.

உரிமை விஷயத்தைப் பதிவுக்கு முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள். நாங்கள் வணிக நோக்கமற்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (மற்றவர்கள் எங்கள் பெயர் போட்டுப் பகிரலாம், அதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது) வெளியிட முடிவு செய்தோம். அதில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால், ஏற்கெனவே அந்த உரிமத்தில் எடுத்தவர்களிடமிருந்து அனுமதியைத் திரும்பப் பெற முடியாது, அதை ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சம்மதம் வாங்கினேன். ஒருவர் அதைக் கேட்டு யோசித்து விலகினார், நல்லதாயிற்று, வெளியான பிறகு என்றால் என்ன செய்திருப்பேன்? இணையத்தில் எடுத்த ஒலி விளைவுகளுக்கும் ஒவ்வொன்றாக உரிமம் பார்க்க வேண்டும். ஃப்ரீசவுண்ட் தளத்திலேயே சிலவற்றுக்கு எந்த நிபந்தனையும் இல்லை, சிலவற்றுக்குப் பெயர் போட்டே ஆகவேண்டும். நாளைக்கு இதில் காசு வந்தால் யாருக்கு என்ற கேள்வியை ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வந்தால் எல்லோருக்கும் சமமாக என்று எழுதி வைத்திருக்கிறோம். இதுவரை வரவில்லை.