கணவாய்க் காற்றில் சுருட்டைக் காப்பது

புகையிலைச் சுருட்டைப் பாதுகாப்பது குறித்து வெளிநாட்டார் எழுதும் குறிப்புகளில் பெரும்பாலானவை பெட்டிக்குள் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வதைப் பற்றியே பேசுகின்றன. குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றி, அதனால் காற்று உலர்ந்துபோகும் நாடுகளுக்கு அது பொருந்தும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு அதை அப்படியே பின்பற்றினால், மழைக்காலம் முழுவதும் நாமே பூஞ்சைக்குத் தண்ணீர் ஊற்றுவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டுக் கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம் கொண்டது. மார்கழியிலும் தையிலும் அதன் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் உதடு வெடிக்கும், கதவுப் பலகை சுருங்கி இடுக்குத் தெரியும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் அதே கதவு ஊறிப்போய்ச் சாத்த வராது. புகையிலையும் அப்படித்தான் காற்றின் ஈரத்தை வாங்கியும் விட்டும் கொண்டிருக்கிறது. அதற்கு உகந்த ஒப்பு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம். எங்கள் ஊரில் இரண்டு பருவமும் அந்த அளவில் நிற்பதில்லை.

நண்பரின் மகன் துபாயிலிருந்து வாங்கி வந்த சுருட்டுப் பெட்டி ஒன்று பனிக்காலம் முழுவதும் அலமாரியின் மேல் கிடந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்து விரலிடையே மெல்ல அழுத்தியபோது சருகைப் போல் நொறுங்கும் ஓசை கேட்டது. சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றியிருக்கும் மேலிலை நுனியிலிருந்து நீளவாக்கில் பிளந்திருந்தது. காய்ந்த சுருட்டு விரைந்து எரியும், புகை சூடேறி நாக்கைச் சுடும், மணம் தரும் எண்ணெய்கள் போனால் திரும்பி வாரா. இருந்தாலும் “ஈரத்துணியில் சுற்றி வைக்கலாமா அண்ணா?” என்று நண்பர் கேட்டபோது உடனே தடுத்தேன். சட்டென்று ஈரம் ஏறினால் இலை வீங்கி மிச்சமிருக்கும் மேலிலையும் வெடித்துவிடும். வாரக்கணக்கில் பொறுத்துத்தான் அதை மீட்க வேண்டும்.

மழைக்காலக் கேடு இதைவிடப் பெரிது. ஊறிய சுருட்டு பஞ்சுபோல் அமுங்கும், இழுப்பு அடைபடும், பற்றவைத்தாலும் அணைந்து அணைந்து போகும். பச்சையும் நீலமுமாகப் பூஞ்சை படர்ந்து நனைந்த சாக்கின் வாடை வந்துவிட்டால், குறிப்பாக வெட்டிய முனையில் அது தெரிந்தால், துடைத்துவிட்டுப் பிடிக்க நினைக்காமல் எறிந்துவிட வேண்டும். ஈரத்தோடு வெப்பமும் 25 பாகை செல்சியஸைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டைகள் பொரிக்கின்றன. ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகள் நன்கறிந்த அதே சிகரெட் வண்டுதான் இது. குண்டூசி குத்தியதுபோல் துளை தெரியும்போது வேலை முடிந்திருக்கும். ஆகவே புதிதாக வந்தவற்றைக் காற்றுப் புகாத உறையில் இட்டு, ஒரு நாள் குளிர்பெட்டியிலும், மூன்று நாள் அதன் உறைபகுதியிலும், மறுபடி ஒரு நாள் குளிர்பெட்டியிலும் வைத்து எடுப்பது நல்லது. ஆனால் குளிர்பெட்டியிலேயே சேமித்து வைக்கக் கூடாது. அதன் காற்று வறண்டது, குழம்பு வாசமும் ஏறிவிடும்.

சுருட்டை ஈரம் மாறாமல் வைக்கும் ஹியூமிடார் பெட்டியின் உள்ளே பதிக்கும் ஸ்பானிய செடார் நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த நல்ல மரம்தான். ஆயினும் மூடி சரியாகப் பொருந்தாத அழகிய மரப்பெட்டியைவிட, ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவையே எங்கள் ஊருக்கு நான் பரிந்துரைப்பேன். உள்ளே நீர் நனைத்த பஞ்சு வேண்டாம்; அதற்குக் கொடுக்கத்தான் தெரியும். ஈரம் மிகுந்தால் வாங்கி, குறைந்தால் விடும் பொவேடா போன்ற பைகளில் 65 என்று அச்சிட்டதே இங்கே பொருத்தம்.

ஈரப்பதமானியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, கரைந்துவிடாமல் குழைகிற அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத உறையில் ஒரு நாள் வைத்தால் அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், பெட்டிக்குள் அது காட்டும் அளவோடு 5 கூட்டிக்கொள்ள வேண்டும்.