எண் குறைந்தால் போதாது: மூலிகைச் சாறும் மலேரியா ஒட்டுண்ணியும்

ஜூன் 3
நிழலில் உலர்த்திய நிலவேம்பு இலைத்தூள் 100 கிராம், பூந்திக்கொட்டைத் தோல் தூள் 100 கிராம். இவற்றின் சாறு மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும். தனித்தனியே 1 லிட்டர் 70% எத்தனாலில் 72 மணி நேரம் ஷேக்கரில். சூடு காட்டக் கூடாது. செடியிலிருந்து வந்த மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் பெராக்சைடு பாலம் (அதன் வீரியத்துக்குக் காரணமான ஆக்சிஜன் பிணைப்பு) சூட்டில் சிதையும்; அதைக் கண்டெடுத்த சீன ஆய்வாளர் து யூயூவின் குழு 1971இல் ஈதர் கொண்டு தாழ்ந்த வெப்பத்தில் எடுத்த பிறகுதான் சாறு எலிகளில் உறுதியாக வேலை செய்தது. காய்ச்சிய கஷாயம் தோற்றது என்று செடியையே ஒதுக்குவது பெரிய தவறு.

ஜூன் 8
40 டிகிரிக்குள் எத்தனாலை ஆவியாக்கி, மிச்ச நீரை உறைநிலையில் உலர்த்தியாயிற்று. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் மி.லி.க்கு 20 மி.கி. கரைசல். செல்லுலோஸ் அசிட்டேட் வடிகட்டி டி.எம்.எஸ்.ஓ.வில் கரைந்துவிடும், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) சவ்வுதான் வேண்டும்.

ஜூன் 10
சிவப்பணுக்களில் வளரும் 3டி7 (மலேரியா ஒட்டுண்ணியின் ஆய்வக வகை) வளர்ப்புக்கு 5% சார்பிட்டால், 37 டிகிரியில் 10 நிமிடம். முதிர்ந்த ஒட்டுண்ணி உள்ள அணுக்கள் வெடிக்க, இளம் ஒட்டுண்ணியான மோதிர நிலை மட்டும் மிஞ்சும். 1% தொற்று, 2% ஹீமட்டோகிரிட் (சிவப்பணுவின் பங்கு), குழிக்கு 200 மைக்ரோலிட்டர். சாறு மி.லி.க்கு 100 மைக்ரோகிராமில் தொடங்கிப் பாதி பாதியாக 8 படி. டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் குழியிலும் ஒரே 0.5%, சாறில்லாத குழியிலும்தான். ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும். அவற்றில் வெறும் நீர். ஒட்டுண்ணியின் அளவைக் காட்டுவது அதன் டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சைபர் கிரீன் சாயம். ரத்தத்தில் வெள்ளணு தங்கினால் அதன் டி.என்.ஏ.வும் ஒளிரும், அதனால் முன்பே நன்றாகக் கழுவ வேண்டும்.

ஜூன் 13
தட்டைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. மற்றக் குழிகளின் அடியில் கருஞ்சிவப்புப் படிவு. பூந்திக்கொட்டையின் மேல் செறிவுகளில் படிவே இல்லை, குழி முழுக்கத் தெளிந்த செந்நீர். அதிலுள்ள நுரைக்கும் பொருளான சபோனின் சிவப்பணுவையே உடைத்திருக்கிறது. வீடு இடிந்ததால் ஒட்டுண்ணி செத்தது. இதை மருந்துக் குணமாக எழுத முடியாது. கருவி காட்டும் ஒளிர்வு எண்ணை மட்டும் பார்த்தால் இதுதான் அருமையான சாறு என்று தோன்றும்! தொற்றில்லாத சிவப்பணுவோடும் அதே செறிவுகளை வைத்து, சுழற்றியெடுத்த மேல்நீரை 540 நானோமீட்டரில் அளந்தால் உடைவு எவ்வளவு என்று தெரியும்.

நிலவேம்புக்கு வேறு சிக்கல். இலையின் பச்சையம் ஒளிர்வைத் தணிக்கும். சாறு சேர்க்காமல் 72 மணி நேரம் வளர்த்த குழியில், சாயம் விடுவதற்குச் சற்று முன் சாற்றைச் சேர்த்து அளந்தோம். அங்கே குறைவது வெறும் தணிப்பு. அதைக் கழித்த பிறகும், செறிவு கூடக் கூட ஒட்டுண்ணி குறையும் வளைவு நிற்கிறது. ஒப்பீட்டுக்கு வைத்த மலேரியா மருந்தான குளோரோகுயின் குழிகளும் சரியாக இருக்கின்றன.

ஜூன் 14
ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் பார்க்க ஜீம்சா சாயம் 10%, 15 நிமிடம். நிலவேம்பு ஸ்லைடில் அணுக்கள் முழுசாக, உள்ளே ஒட்டுண்ணி சுருங்கிக் கருத்த புள்ளியாக. இதற்குத்தான் காத்திருந்தோம். அடுத்து வீரோ அணுக்களில் (குரங்கின் சிறுநீரக அணு வளர்ப்பு) நச்சுத்தன்மை. அணுவைப் பாதி கொல்லும் செறிவு, ஒட்டுண்ணியைப் பாதி கொல்வதைவிட 10 மடங்காவது அதிகம் இருந்தால்தான் வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுக்கத் தொடங்குவோம்.